விமானத் தாள்களும் வான்வழி சார்ட்டும்: மதுரை வட்டார மாணவர் பைலட்டுகளுக்கு

பறக்கப் பழகுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மனப்பாடப் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். விமானத்தில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஒன்று, வான்வழி வரைபடமான சார்ட்டில் உள்ள குறியீடுகள் மற்றொன்று. வாய்மொழித் தேர்வில் பட்டியலை ஒப்பித்துத் தப்பித்துவிடலாம். ஆனால் இரண்டுமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை: தாளை விமானத்தோடும், சார்ட்டைத் தரையோடும். தாள் பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்தது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் 'ஏரோ' என்ற அமெரிக்க நினைவுச்சொல்தான் முதலில் வரும். வான்தகுதி, பதிவு, ரேடியோ, இயக்க வரம்பு, எடை என்று ஐந்தோ ஆறோ தாள்களோடு அது முடிந்துவிடும். 'விடி' என்று தொடங்கும் இந்தியப் பதிவெண் கொண்ட விமானத்துக்கு அது போதாது. இங்கே அடிப்படை, 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 7-ஆம் விதி. அதை விரித்துச் சொல்வது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ வெளியிடும் சிஏஆர் விதித்தொகுப்பின் இரண்டாம் பிரிவு. அமெரிக்கப் பட்டியலில் இல்லாத ஏஆர்சி (வான்தகுதி மறுஆய்வுச் சான்று), இன்சூரன்ஸ், ஒவ்வொரு பயணத்தையும் பதியும் ஜர்னி லாக் புக் எல்லாம் இங்கே கட்டாயம்.

விமானத்தின் பை

பதிவுச் சான்றிதழை, அதாவது சி ஆஃப் ஆரை, முதலில் எடுங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: பதிவெண், விமானத்தின் மாடல், தயாரிப்பாளர் தந்த வரிசை எண். அந்த வரிசை எண்ணை விமானத்தின் உடலில் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் மூன்று விமானம் வைத்திருக்கும் பள்ளிகளில் பைகள் மாறிப்போவது அரிதல்ல. ஹேங்கரில் எல்லாப் பையும் ஒரே நீல நிறத்தில் ஒரே கொக்கியில் தொங்கும். பதிவெண்ணின் கடைசி எழுத்து மட்டும்தான் வேறாக இருக்கும்.

அடுத்து வான்தகுதிச் சான்றிதழ், சி ஆஃப் ஏ. விமானம் எந்த வகையில் சான்று பெற்றது, அதிகபட்ச எடை எவ்வளவு, குறைந்தது எத்தனை பேர் ஓட்ட வேண்டும் என்பவை அதில் இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு "வேலிட்" என்று சொல்லக் கூடாது. அதன் உயிர், கூடவே இருக்கும் ஏஆர்சியில் இருக்கிறது. வான்தகுதி மறுஆய்வுச் சான்றான இது ஓராண்டுக்கு உரியது. தகுந்த பராமரிப்புக் கட்டுப்பாட்டில் இருக்கும் விமானத்துக்கு அதே தாளில் நீட்டிப்பு எழுதித் தருவார்கள். நீட்டிப்புக் கட்டத்தில் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் மேலே அச்சிட்ட முதல் தேதி தாண்டிவிட்டது என்றால், அந்த விமானத்தைத் தொடாதீர்கள். மாணவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். சி ஆஃப் ஏ பளபளவென்று லேமினேட் செய்து முன்னால் இருக்கும். ஏஆர்சி அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

பராமரிப்பு முடிந்து இன்ஜினியர் கையெழுத்திடும் தாள் சிஆர்எஸ். இதில் தேதியைவிட மணிக்கணக்கு முக்கியம். அடுத்த 50 மணி அல்லது 100 மணி ஆய்வு எந்த மணியில் வரவேண்டும் என்று குறித்திருப்பார்கள். அந்த எண்ணிலிருந்து இப்போதைய மணியைக் கழியுங்கள். மீதி 1.4 மணி, உங்கள் பயணம் 1.6 மணி என்றால் கிளம்பக் கூடாது. கழிக்கும்போது எந்த மீட்டரை எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. கடிகாரம்போல எண்ணும் ஹாப்ஸ் மீட்டர் ஒரு கணக்கு காட்டும், இன்ஜின் சுழலும் வேகத்தை வைத்து எண்ணும் டேக்கோ மீட்டர் வேறு கணக்கு காட்டும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது டேக்கோ மெதுவாகத்தான் ஏறும். பராமரிப்பு எந்த மீட்டரில் கணக்கிடப்படுகிறது என்பதை விமானத்தின் பராமரிப்புக் குறிப்பேடான டெக் லாக்கை எழுதுகிறவரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே டெக் லாக்கில் தள்ளிவைத்த குறைகளும் இருக்கும். 'லேண்டிங் லைட் வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி இருந்தால், பகல் பயணத்துக்கு அது இடையூறா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். பள்ளிக்கு அதற்கென்று பட்டியல் உண்டு, அதைக் காட்டச் சொல்லுங்கள்.

ரேடியோவுக்குத் தனி உரிமம் வேண்டும். ஏரோ மொபைல் லைசென்ஸ் என்பது அதன் பெயர். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தருவது. விமானத்தில் எந்தெந்த ரேடியோ கருவி இருக்கிறது என்பது அதில் இருக்கும். பழைய செட்டைக் கழற்றிப் புதிதாக மாற்றியிருந்தால் தாளும் மாறியிருக்க வேண்டும். பேனலில் உள்ள மாடல் பெயரையும் தாளில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

இன்சூரன்ஸ், சத்தச் சான்றிதழ் இரண்டும் இருக்கின்றனவா, இன்சூரன்ஸ் தேதி கடக்கவில்லையா என்று பார்த்தால் போதும். ஃப்ளைட் மேனுவல் மட்டும் அந்த வரிசை எண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பொதுக் கையேடு அதற்கு ஈடாகாது. சாதாரண, அவசரகால செக்லிஸ்ட் இரண்டும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். திசைகாட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கும், அதன் பிழையைக் காட்டும் டீவியேஷன் அட்டை இல்லாவிட்டாலோ, எழுத்து வெயிலில் வெளிறிப்போயிருந்தாலோ சொல்லிப் புதுப்பிக்க வைக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அந்த அட்டைதான் முதலில் போகும்.

எடைத்தாளில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்

எடைத்தாளில் வெற்று எடையும் ஈர்ப்பு மையமும் இருக்கும். தாளில் உள்ள தேதிக்குப் பிறகு விமானத்தில் ஏதாவது கருவி சேர்த்தார்களா, கழற்றினார்களா என்று லாக் புக்கில் பாருங்கள். சேர்த்திருந்தால் தாளும் திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு இருக்கை செஸ்னா 152-இல் கணக்கு எவ்வளவு நெருக்கடியானது என்று பாருங்கள். அதிகபட்ச எடை 1,670 பவுண்டு, அதாவது 757 கிலோ. உங்கள் விமானத்தின் எடைத்தாள் 525 கிலோ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பயன்படும் எரிபொருள் 24.5 அமெரிக்க கேலன், ஏறத்தாழ 93 லிட்டர். இந்த விமானத்தின் பெட்ரோலான ஏவ்கேஸ் ஒரு லிட்டர் 0.72 கிலோ. எனவே டேங்க் நிரம்பினால் 67 கிலோ. பயிற்சியாளர் 85, மாணவர் 85, பை 5 என்றால் கூட்டுத்தொகை 767. பத்து கிலோ அதிகம். இரண்டு பேரும் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் விமானம் வரம்பைத் தாண்டிவிட்டது.

14 லிட்டர் குறைத்தால் சரியாகிவிடும். ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் பயணக் கணக்குதான் சொல்ல வேண்டும், எடைத்தாள் சொல்லாது. ஏவ்கேஸ் எல்லா விமான நிலையத்திலும் கிடைப்பதில்லை. பயணிகள் விமானம் வந்துபோகும் இடங்களில் ஜெட் எரிபொருள் மட்டும் இருக்கலாம். அதனால் போகும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பாமல், போய்வரும் எரிபொருளைச் சேர்த்தே கணக்கிடுங்கள். கீழே வரும் திருச்சிப் பயணத்துக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் பை

மாணவர் பைலட் உரிமம், மெடிக்கல் சான்று, ரேடியோ பேசுவதற்கான எஃப்ஆர்டிஓஎல், லாக் புக், அடையாள அட்டை, விமான நிலைய நுழைவு அனுமதி. தனியாகப் பறக்கப் போகிறீர்கள் என்றால் பயிற்சியாளரின் எழுத்து அனுமதி. மெடிக்கலின் காலாவதித் தேதியைப் போனில் ஒரு மாதம் முன்பாகவே நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும்.

ஊர்விட்டு ஊர் போகும் பயணத்துக்கு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்: வான்பாதுகாப்பு அனுமதியான ஏடிசி எண், தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண். தமிழில் எழுதும்போது இந்த ஏடிசியும் கட்டுப்பாட்டுக் கோபுரத்து ஏடிசியும் ஒன்றுபோலத் தெரியும், குழப்பிக்கொள்ள வேண்டாம். டவர் அனுமதி கொடுத்துவிட்டதால் வான்பாதுகாப்பு எண்ணும் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஃப்ளைட் பிளான் போட்டு, இரண்டு எண்களையும் வாங்கி, முழங்காலில் கட்டும் அட்டையில் எழுதி வைத்த பிறகுதான் இன்ஜினைத் தொட வேண்டும். கிளம்புவது தாமதமானால் எண் இன்னும் செல்லுமா என்று மறுபடி கேளுங்கள்.

சார்ட்: ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

சார்ட்டை விரித்ததும் கண் மதுரையைத் தேடி ஓடும். அதை அடக்கி ஓரத்தில் உள்ள குறிப்பைப் படியுங்கள். அளவு, பதிப்பு ஆண்டு, உயரம் அடியிலா மீட்டரிலா, காந்த விலக்கக் கோடுகள் (உண்மை வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) எந்த ஆண்டுக்கு உரியவை. இந்த நான்கும் தெரியாமல் ஒரு கோடுகூடப் போடக் கூடாது.

அளவு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். 1:10,00,000 சார்ட்டில் ஒரு சென்டிமீட்டர் 10 கிலோமீட்டர், அதாவது 5.4 நாட்டிக்கல் மைல். 1:5,00,000-இல் அது 5 கிலோமீட்டர், 2.7 மைல் (இனி மைல் என்றால் நாட்டிக்கல் மைல்தான்). ஸ்கேலின் இரண்டு விளிம்பில் இந்த இரண்டு அளவும் இருக்கும். தவறான விளிம்பில் அளந்தால் தூரம் சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வரும். திருச்சி 134 மைல் என்று வந்தால் விளிம்பு மாறிவிட்டது என்று உடனே தெரிய வேண்டும். அதற்காகத்தான் அளப்பதற்கு முன்பு மனதில் ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளச் சொல்வது.

ஸ்கேல் இல்லாவிட்டால் அட்சரேகையின் நிமிடங்களை வைத்து அளக்கலாம். ஒரு நிமிடம் ஒரு நாட்டிக்கல் மைல். ஆனால் அதை வடக்கு–தெற்காக ஓடும் கோட்டின் மேல்தான் அளக்க வேண்டும். கிழக்கு–மேற்குக் கோட்டில் அளக்கக் கூடாது. நம் பகுதி 10 டிகிரி அட்சத்தில் இருப்பதால் அங்கே அளந்தாலும் ஒன்றரை சதவீதம்தான் பிழை வரும், யாருக்கும் தெரியாது. இந்தச் சலுகையில் கெட்ட பழக்கம் படிந்துவிடும். தேர்வில் 60 டிகிரி அட்சத்தில் கேள்வி வரும்போது பிழை பாதிக்குப் பாதி.

உயர அலகு உயிர் சம்பந்தப்பட்டது. 2,695 என்று ஓர் உச்சியில் எழுதியிருந்தால் அது ஆனைமுடி, மீட்டரில். அடியில் 8,842. மீட்டர் எண்ணை அடி என்று படித்தவர் 4,500 அடியில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார். மதுரையிலிருந்து மேற்கே கொடைக்கானல், மேகமலைப் பக்கம் போகும் எந்தப் பயணத்திலும் இந்த ஒரு தவறு போதும்.

சமஉயரக் கோடுகளில் இன்னொரு பொறி. முதல் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதற்குக் கீழே உள்ள குன்று எதுவும் சார்ட்டில் வராமல் போகலாம். வயல்வெளிக்கு நடுவே தனியாக எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறைகள் மதுரையைச் சுற்றி நிறைய. சார்ட்டில் அந்த இடம் வெறும் பச்சையாக இருக்கும், கண்ணாடிக்கு வெளியே பாறை இருக்கும். நிறத்தை நம்பித் தாழப் பறக்காதீர்கள்.

தடைகள், காற்றாலைகள், வானெல்லைகள்

கோபுரம், புகைபோக்கி போன்றவற்றுக்குத் தலைகீழ் 'வி' போன்ற குறி. பக்கத்தில் இரண்டு எண் இருந்தால் ஒன்று கடல்மட்டத்திலிருந்து, அடைப்புக்குறிக்குள் இருப்பது தரையிலிருந்து. உங்கள் ஆல்டிமீட்டர் கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும் க்யூஎன்ஹெச் அமைப்பில் இருந்தால் முதல் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். மதுரை ஓடுதளமே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 460 அடி மேலே இருக்கிறது, அதனால் இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் சின்னதல்ல.

சார்ட் அச்சான பிறகு முளைத்தவை அதில் இருக்காது. கயத்தாறு, ஆரல்வாய்மொழி, தேனி பக்கத்துக் காற்றாலைகள் ஆண்டுக்காண்டு கூடுகின்றன. கமுதி அருகே 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரியமின் பண்ணை வானிலிருந்து அடையாளம் காண அருமையான இடம், ஆனால் அதற்கு முந்தைய பதிப்பில் அங்கே ஒன்றுமே இருக்காது. 'சார்ட்டில் இல்லாதது தரையில் இருக்கிறது, அப்படியானால் வழி தவறிவிட்டோம்' என்று பதறுவதற்கு முன் பதிப்பு ஆண்டை நினைத்துப் பாருங்கள்.

தடைசெய்த, கட்டுப்படுத்திய, ஆபத்தான பகுதிகளுக்குச் சென்னை வான்தகவல் வட்டாரத்தில் 'விஓ' என்று தொடங்கி பி, ஆர், டி எழுத்துகளோடு எண் இருக்கும். எல்லையும் உயரமும் நாட்டின் வான்வழித் தகவல் நூலான ஏஐபியின் இஎன்ஆர் 5.1 பகுதியில் கிடைக்கும். தெற்கே போகிறவர்கள் கூடங்குளம், மகேந்திரகிரி, ராமநாதபுரம் உச்சிப்புளிக் கடற்படைத் தளம், ராக்கெட் ஏவும் தும்பா ஆகியவற்றின் பக்கம் இப்போது என்ன வரம்பு இருக்கிறது என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். ஏஐபி திருத்தங்கள் 28 நாள் சுழற்சியில் வருகின்றன. போன மாதம் எடுத்த பிரின்ட் இந்த மாதத்துக்கு ஆதாரம் ஆகாது.

சுழற்சிக்கு இடையே வரும் உடனடி அறிவிப்பு நோட்டாம். அதில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரமான யுடிசி. 2506100330 என்றால் 2025 ஜூன் 10, யுடிசி 03:30, நம் நேரம் காலை 9 மணி. ஐந்தரை மணியைக் கூட்டாமல் படித்து, விடியற்காலையில்தான் மூடியிருக்கும் என்று ஒன்பது மணிக்குக் கிளம்பினால், மூடிய நேரத்துக்குள் நேராகப் போய்ச் சேருவீர்கள்.

ஒரு கோடு போட்டுப் பார்ப்போம்: மதுரை–திருச்சி

மதுரை விமான நிலையம் 9°50' வடக்கு, 78°05½' கிழக்கு. திருச்சி 10°46' வடக்கு, 78°43' கிழக்கு. கோடு போட்டு, அதன் நடுப்பகுதிக்கு அருகில் உள்ள தீர்க்கரேகையில் புரொட்ராக்டரை வையுங்கள். இந்தச் சார்ட்டுகள் லாம்பர்ட் முறையில் வரைந்தவை. தீர்க்கரேகைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது, அதனால் நடுவில் அளப்பது வழக்கம். உண்மை டிராக், அதாவது தரையின் மேல் பாதை போகும் திசை, 033 டிகிரி, தூரம் 67 மைல் வரும். 213 என்று வந்தால் புரொட்ராக்டர் தலைகீழாக இருக்கிறது.

காந்த விலக்கம் நம் பகுதியில் மேற்கே ஏறத்தாழ 1 முதல் 2 டிகிரி. மேற்கு என்றால் கூட்டு, கிழக்கு என்றால் கழி. இரண்டு டிகிரி எடுத்தால் காந்த டிராக் 035. சார்ட்டில் விலக்கக் கோட்டின் ஆண்டு பழையதாக இருந்தால் ஏஐபியில் அந்த விமான நிலையத்தின் பக்கத்தில் உள்ள எண்ணை எடுங்கள்.

காற்றைச் சேர்க்காத கணக்கு ஆனி, ஆடி மாதத்தில் எதற்கும் உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் வரும் மேல்காற்று அம்மியைப் பறக்கவைக்கிறதோ இல்லையோ, செஸ்னாவைப் பக்கவாட்டில் தள்ளும். காற்று 270 டிகிரியிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 நாட்டிக்கல் மைல்), விமானத்தின் வேகம் 90 நாட் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது இடப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 17 நாட் குறுக்குக் காற்று, பின்னாலிருந்து 11 நாட் தள்ளல். 11 டிகிரி இடதுபக்கம் திருத்தினால் உண்மை ஹெடிங் (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை) 022, காந்த ஹெடிங் 024. தரைவேகம் 99 நாட், நேரம் 41 நிமிடம். திரும்பும்போது அதே காற்று எதிராக மாறும்: ஹெடிங் 224 உண்மை, 226 காந்தம், தரைவேகம் 77, நேரம் 52 நிமிடம். போன நேரமே திரும்பவும் ஆகும் என்று எரிபொருள் போட்டவர் 11 நிமிடம் குறைவாகப் போட்டிருப்பார். திருத்தமே செய்யாமல் 033-ஐப் பிடித்துப் போனால் 40 நிமிடத்தில் 11 மைல் கிழக்கே தள்ளப்பட்டிருப்பீர்கள். திருச்சி இடப்பக்கம் எங்கோ இருக்கும்.

எரிபொருளுக்கு வருவோம். போய்வர 93 நிமிடம். மணிக்கு 23 லிட்டர் என்றால் 36 லிட்டர். தரையில் ஓட்டம், ஏற்றம், வட்டமடிப்புக்கு 6 லிட்டர், 45 நிமிட இருப்புக்கு 17 லிட்டர். மொத்தம் 59, அதாவது 60 லிட்டர். மேலே சொன்ன இரண்டு பேர் 79 லிட்டரோடு கிளம்பினால் எடையும் சரி, எரிபொருளும் சரி. முழு டேங்க்தான் பாதுகாப்பு என்று நினைத்து நிரப்பினால்தான் தவறு.

இனி தரை. கோட்டை வரைந்ததும் பத்து நிமிடத்துக்கு ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். 99 நாட் வேகத்தில் பத்து நிமிடம் 16½ மைல். விமானத்தில் எப்போதும் முதலில் கடிகாரம், பிறகு சார்ட், பிறகு தரை. 'இப்போது 12 நிமிடம் ஆயிற்று, சார்ட்டில் 20 மைல், அங்கே என்ன இருக்க வேண்டும்?' என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே பார்க்க வேண்டும். கீழே ஓர் ஊரைப் பார்த்துவிட்டு அதைச் சார்ட்டில் தேடினால், பொருந்துகிற ஊர் ஒன்று எப்படியும் கிடைத்துவிடும். வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தவறுகிறார்கள்.

கிளம்பியதும் மானாமதுரைக்குப் போகும் தண்டவாளமும் வைகையும் வரும். ஒன்பது, பத்து மைலில் ஆனைமலை ஏறக்குறைய கோட்டின் மேலேயே படுத்திருக்கும். நீளமான வெறும் பாறை, அதை வேறெதனோடும் குழப்ப முடியாது. அது வலதுபக்கம் மூன்று மைல் தள்ளித் தெரிந்தால் நீங்கள் இடதுபக்கம் விலகிவிட்டீர்கள், அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். உடனே அடுத்து அழகர்மலை, இதுவும் கோட்டை ஒட்டித்தான். பயண உயரத்தை இந்த மலைதான் தீர்மானிக்க வேண்டும். கோட்டின் இரண்டு பக்கமும் ஐந்து மைலுக்குள் உள்ள உயரமான எண்ணை எடுத்து ஆயிரம் அடி கூட்டுங்கள். கிழக்கு அரைவட்டத் திசைக்கு, கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் முறையின் உயரம் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 என்பதால் 3,500 அல்லது 5,500 வரும். மேகம் தாழ்ந்து 3,500-க்குப் போதிய இடைவெளி கிடைக்காவிட்டால் மலையோரமாக நெளிந்து போக முயலாதீர்கள். மேகத்திலிருந்து செங்குத்தாக 1,000 அடி, பக்கவாட்டில் 1,500 மீட்டர், பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர். இவை கிடைக்காத நாள் விஎஃப்ஆர் நாள் அல்ல.

மேலூர் வலதுபக்கம் ஆறேழு மைலில் இருக்கும். அங்கிருந்து வரும் நான்குவழிச் சாலையைக் கவனியுங்கள். முதலில் வலப்பக்கம் இருக்கும் அந்தச் சாலை, கொட்டாம்பட்டிக்கும் துவரங்குறிச்சிக்கும் இடையே உங்கள் கோட்டைக் கடந்து இடப்பக்கம் போய்விடும். துவரங்குறிச்சியும் விராலிமலையும் இடதுபக்கம் மூன்று மைல் போலத் தெரிய வேண்டும். சாலை இன்னும் வலதுபக்கமே இருக்கிறது, நேரம் மட்டும் 25 நிமிடம் ஆகிவிட்டது என்றால் நீங்கள் மேற்கே இருக்கிறீர்கள்.

தண்டவாளம் இந்தப் பாதையில் இன்னும் நல்ல காவல். மேற்கே திண்டுக்கல்–மணப்பாறைப் பாதை, கிழக்கே மானாமதுரை–காரைக்குடி–புதுக்கோட்டைப் பாதை. ஆனைமலையைத் தாண்டியதிலிருந்து திருச்சியை நெருங்கும் வரை உங்கள் கோட்டில் எந்தத் தண்டவாளமும் குறுக்கே வராது. வந்தால் ஒருபக்கமாக நன்றாகவே விலகியிருக்கிறீர்கள். காற்று எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் எந்தத் தண்டவாளம் என்பதும் தெரிந்துவிடும்.

விலகல் தெரிந்தால் அறுபதுக்கு ஒன்று விதி. 30 மைல் வந்தபோது 2 மைல் வலப்பக்கம் விலகியிருந்தால் விலகிய கோணம் 2 ÷ 30 × 60 = 4 டிகிரி. 4 டிகிரி மட்டும் இடதுபக்கம் திருப்பினால் கோட்டுக்கு இணையாகப் போவீர்கள், திருச்சிக்குப் போக மாட்டீர்கள். மீதி 37 மைலுக்கு இன்னும் 3 டிகிரி சேர்த்து 7 டிகிரி திருப்ப வேண்டும். இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுவது மிகப் பொதுவான பிழை.

கண்மாயை எப்படி வாசிப்பது

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வட்டாரத்தில் சார்ட் முழுக்க நீலத் திட்டுகளாக இருக்கும். எல்லாம் கண்மாய்கள். சித்திரை, வைகாசியில் அவற்றில் பாதி காய்ந்து, சீமைக்கருவேலம் மண்டி, சுற்றியுள்ள தரையின் நிறத்திலேயே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் ஒன்றோடொன்று கலந்து, சார்ட்டில் உள்ள வடிவமே தெரியாது. நீரைத் தேடாதீர்கள், கரையைத் தேடுங்கள். கரை வளைந்த மண்மேடாக, பனைமரமோ பாதையோ ஓட, எல்லாப் பருவத்திலும் அப்படியே இருக்கும்.

கரை திசையும் சொல்லும். வைகைப் படுகையில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. எனவே நீரைத் தடுக்கும் கரை பெரும்பாலும் கிழக்கு அல்லது தென்கிழக்குப் பக்கம் இருக்கும், அதற்குக் கீழே வயல் இருக்கும். கைரோ திசைக் கருவிக்கும் காந்தத் திசைகாட்டிக்கும் இடையே சந்தேகம் வந்தால், நாலைந்து கண்மாய்களின் கரைகளைப் பார்த்துத் திசையை ஒருவாறு சரிபார்த்துக்கொள்ளலாம். ஒற்றைக் கண்மாயை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஒன்றுபோலவே இன்னொன்று அடுத்த மைலில் இருக்கும்.

முதல் தனிப்பயணத்துக்கு முன் காகிதத்தில் பயிற்சி செய்யத் தூத்துக்குடிக் கோடு எளிது. டிராக் 183, தூரம் 67 மைல், அருப்புக்கோட்டை சற்றே இடப்பக்கம், மலை கிடையாது. ஆனால் ஆடிக் காற்று முழுக்கப் பக்கவாட்டில் அடிக்கும், காற்றுத் திருத்தம் பழக ஏற்றது.

இறங்கிய பிறகு ஃப்ளைட் பிளான் முடிந்ததா என்று உறுதிசெய்யுங்கள். ஜர்னி லாக் புக்கில் கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், மணி, எரிபொருள், ஆயில் அனைத்தையும் அங்கேயே எழுதுங்கள். ஏதாவது கோளாறு கண்டிருந்தால் டெக் லாக்கில் உங்கள் சொற்களில், எந்த உயரத்தில், எந்த ஆர்பிஎம்மில் கண்டது என்பதோடு எழுதுங்கள். 'இன்ஜின் ரஃப்' என்று மட்டும் எழுதினால் இன்ஜினியர் தரையில் ஓட்டிப் பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்திட்டுவிடுவார்.